டோடோவும் அதன் உறவுகளும் (1848): ஒரு மதிப்பீடு

ஹியூ எட்வின் ஸ்டிரிக்லண்ட், அலெக்சாண்டர் கார்டன் மெல்வில் ஆகிய இருவரும் எழுதி 1848-இல் லண்டனில் வெளியான நூல் 'டோடோவும் அதன் உறவுகளும்'. மொரீஷியஸ் தீவில் 17-ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன டோடோ எந்தப் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே நூல் எழுப்பும் கேள்வி. தீக்கோழி என்றும் கழுகு என்றும் அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்லிவந்த காலம் அது. புறாவின் இனம் என்று முதலில் சொன்ன டென்மார்க்கின் ரெய்ன்ஹார்ட் கேலிக்கு ஆளானார்.

நூலாசிரியர்கள் கையில் இருந்த சான்று மிகக் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டில் உலர்ந்த ஒரு தலையும் ஒரு காலும், லண்டனில் இன்னொரு கால், கோபன்ஹேகனில் ஒரு மண்டையோடு ஆகியவையே முக்கியமானவை. ஆக்ஸ்ஃபோர்டு தலையின் ஒரு பக்கத் தோலை உரித்து, உள்ளிருந்த எலும்பை உயிருள்ள பறவைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டனர். அலகின் நுனியில் மட்டும் உள்ள கடினமான உறை, அலகின் நடுவில் தாழ்வாக அமைந்த நாசித் துளை, உயர்ந்த நெற்றி, கால் எலும்பின் அமைப்பு ஆகியவை ஒன்றுசேர்ந்து புறாவையே காட்டின. அண்டைத் தீவான ரொட்ரிக்ஸில் வாழ்ந்து அழிந்த சாலிட்டேரையும் டோடோவின் நெருங்கிய உறவாகச் சேர்த்தனர். ஒற்றை ஒற்றுமையை நம்பாமல் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்த முறைதான் இந்நூலின் பலம். 2002-இல் அதே ஆக்ஸ்ஃபோர்டு டோடோவிலிருந்து எடுத்த டி.என்.ஏ. இந்த முடிவை உறுதி செய்தது. இன்று வாழும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கியது நிக்கோபார் புறா என்றும் அந்த ஆய்வு காட்டியது.

எலும்பை விட்டு விலகும் இடத்தில்தான் நூல் சறுக்குகிறது. பழைய ஓவியங்களை நம்பி, டோடோவை வளர்ந்தும் குஞ்சாகவே நின்றுபோன பறவையாக, பெரிதாக்கிய வாத்துக்குஞ்சைப் போல ஸ்டிரிக்லண்ட் கற்பனை செய்கிறார். மந்தமான, கொழுத்த பறவை என்ற பெயர் டோடோவுக்கு நிலைத்ததில் இத்தகைய எழுத்துகளுக்கும் பங்குண்டு. 1865-இல் மொரீஷியஸின் மார் ஓ சோஞ்ச் சதுப்பில் ஏராளமான எலும்புகள் கிடைத்தன. கை நிறைய எலும்பு இருந்தும், ரிச்சர்ட் ஓவன் முதலில் அவற்றை ஒரு பழைய ஓவியத்தின் உருவரைக்குள் பொருத்தி, குந்திய தடித்த பறவையாக நிறுத்தினார். பின்னர் அவரே அதை நிமிர்த்தித் திருத்தினார். அந்த எலும்புகளைப் பார்க்க ஸ்டிரிக்லண்ட் இல்லை. 1853-இல் ரயில் பாதை ஓரம் பாறை அடுக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ரயில் மோதி இறந்தார்.

மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் செய்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு, டோடோவின் மூளை அதன் உடல் அளவுக்கு ஏற்றதே, மற்றப் புறாக்களின் விகிதத்தில்தான் இருந்தது என்று கண்டது. நூலின் ஓவியப் பகுதியை ஐயத்தோடும், மெல்வில் எழுதிய எலும்பியல் பகுதியை நிதானமாகவும் படிப்பதே மாணவர்களுக்குப் பயன் தரும்.