நாற்காலியும் ஊஞ்சலும்

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘இகிரு’ (1952) திரைப்படத்தை, இறப்பை எதிர்நோக்கும் ஒரு மனிதரின் அகமாற்றக் கதையாகப் போற்றுவர். நமக்கும் அதில் உடன்பாடே. எனினும், தலைவர் மாறினால் அவர்தம் பணியாளரும் மாறுவரா என்னும் வினாவே நம்மை மீண்டும் இப்படத்தின்பால் ஈர்க்கிறது.

வதனாபே நகராட்சியில் ஒரு பிரிவின் தலைவர். ஏறத்தாழ முப்பதாண்டுப் பணி. முத்திரை குத்துவதே வேலை. அலுவலகத் திறனை உயர்த்த என்றோ எழுதப்பட்ட திட்டவரைவின் தாளைக் கிழித்து, அம்முத்திரையைத் துடைக்கிறார்! கழிவுநீர்க் குட்டையைத் தூர்த்துப் பூங்கா அமைக்க வேண்டிவரும் தாய்மார்கள் மேசை மேசையாக அலைக்கழிக்கப்படும் காட்சி நகைப்பூட்டும். மனுவோடு காத்துநின்ற அனுபவம் உள்ளவர்க்கு அந்நகைப்பு நெடுநேரம் நிலைக்காது.

வயிற்றுப் புற்றுநோய் என்றறிந்தபின் அவர்தம் போக்கு மாறுகிறது. மழையில் இறங்கி இடத்தை நேரில் காண்கிறார். பிற பிரிவுத் தலைவர்கள்முன் தலைகுனிந்து நிற்கிறார். இசைவு கிடைக்கும்வரை நகர்வதில்லை. மிரட்டும் அடியாட்களுக்கும் அஞ்சவில்லை. பூங்கா எழுகிறது, அதன் ஊஞ்சலிலேயே அவர் உயிரும் பிரிகிறது.

தலைமைப்பண்பு குறித்து 1994இல் நூல் எழுதிய ஹார்வர்டு விரிவுரையாளர் ரொனால்டு ஹைஃபெட்ஸ், வல்லுநர் தீர்க்கும் சிக்கல் வேறு, மாந்தர் தம் பழக்கத்தையே மாற்றினால்தான் தீரும் சிக்கல் வேறு என்பார். பின்னதில், தலைவர் அவ்வுழைப்பை மக்களிடமே ஒப்படைத்தல் வேண்டும். இவ்வளவுகோலில் வதனாபே தோற்றவரே. சுமையனைத்தையும் தாமே சுமந்தார். எவர் தோளிலும் அதை ஏற்றவில்லை. சில திங்களே எஞ்சியிருந்தவரிடம் இதைக் கேட்பது கொடுமைதான்.

குரோசாவா இதை அறியாதவரல்லர். எனவேதான் நாயகரை இடையிலேயே இறக்கச் செய்து, எஞ்சிய பகுதியின் பெரும்பங்கை இரங்கல் விருந்துக்கு அளிக்கிறார். புகழ் யாருக்கு என வழக்காடும் ஊழியர்கள், மதுவேறியதும் அழுது, அவர் வழி நடப்பதாகச் சூளுரைக்கின்றனர். பின்னர் அலுவலகத்தில் புதிய தலைவர் மனுவை வேறு பிரிவுக்குத் தள்ளுகிறார். கிமுரா என்னும் ஊழியர் மட்டும் வெகுண்டெழுகிறார், எவரும் துணைநிற்கவில்லை, கோப்புக் குவியலுக்குப் பின்னே அமர்ந்து மறைகிறார். ஒன்றும் செய்யாதிருப்பதே பதவியைக் காக்கும் என்றிருக்கும் இடத்தில் சூளுரை எந்நாள்வரை நிற்கும்?

இக்கதையின் ஆங்கில ஆக்கமான ‘லிவிங்’ (2022) படத்தில், இறப்பவர் இளம் ஊழியருக்கு ஒரு கடிதம் விட்டுச்செல்கிறார். அது ஆறுதல்; மூலத்தின் கண்டிப்பே நமக்கு மெய்யெனப் படுகிறது. கிமுரா மாலையில் பாலத்தின்மேல் நின்று, பூங்காவில் விளையாடும் சிறாரைப் பார்க்கிறார். மறுநாள் மேசைக்குத் திரும்பி அவர் என்ன செய்தார் என்பதைப் படம் காட்டவில்லை.