நடுகல்லும் நடுவுநிலையும்

போரில் இறந்தவனுக்குக் கல் நாட்டுவது தமிழர்க்குப் புதிய வழக்கன்று. கல்லைக் கண்டு தேர்வது முதல் அதனை நாட்டி வாழ்த்துவது ஈறாக அச்செயலை ஆறு துறைகளாக வகுத்துத் தொல்காப்பியர் இலக்கணமே செய்துள்ளார். ஆதலின் நினைவுச் சின்னங்களைப் பற்றிக் கருத்துரைக்க நாம் அயலார் நூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. நம்முடைய அளவுகோலையே கையிற் கொண்டு, நாம் வாழும் ஜித்ராவின் போர்க்களத்தையும், அக்களத்தினின்று கிளைத்த இருவேறு நினைவுச் சின்னங்களையும் அளந்து பார்ப்போம்.

களத்தின் வரலாறு சுருக்கமாக இது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் சயாமின் கரையில் இறங்கித் தெற்கே திரும்பினர். சாங்லூன் வழியாக வந்த அவர்களை ஜித்ராவில் தடுத்து நிறுத்தும் பொறுப்பு 11ஆவது இந்தியப் படைப்பிரிவுக்கு வந்தது. ஆங்கிலப் பட்டாளங்கள் இரண்டு இருந்தனவாயினும், அப்பிரிவில் மிகுதியாக நின்றவர்கள் பஞ்சாபியர், ஜாட்டியர், கூர்க்கர் ஆகியோரே. எதிரியிடம் டாங்கிகள் இருந்தன. இவர்களிடம் ஒன்றேனும் இல்லை. 11ஆம் நாள் நங்காவிலும் ஆசூனிலும் முன்னணி உடைந்தது. 12ஆம் நாள் இரவு பின்வாங்கும் கட்டளை பிறந்தது. எத்தனையோ தாய்மாரின் மக்கள் கொட்டும் மழையில் சேற்றில் கிடந்து மடிந்தனர்.

உடைந்த அம்முன்னணியில் இருந்தது 1/14 பஞ்சாப் பட்டாளம். அதன் காப்டன்களில் ஒருவர் மோகன் சிங். காட்டில் அலைந்து அலோர் ஸ்டாருக்கு வந்த அவரை ஜப்பானிய மேஜர் பூஜிவாராவும் ஞானி பிரீதம் சிங்கும் சந்தித்தனர். இந்திய தேசிய ராணுவத்தின் வித்து அங்கே ஊன்றப்பட்டது. 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபின், பால்மரத் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆடவரும், ஜான்சி ராணிப் படைக்குத் தமிழ்ப் பெண்டிரும் திரண்டு சென்றனர். 1944இல் இம்பால் களத்தில் இந்தியர் இந்தியரை எதிர்த்து நின்றனர். ஒரே படையிற் பயின்றவர்கள் இரு கொடிகளின்கீழ் நின்று ஒருவரையொருவர் சுட்ட அப்போரை உடன்பிறந்தார் போர் என்னாது வேறென்னென்பது?

இனி நினைவுச் சின்னங்களைக் காண்போம். சிங்கப்பூரில் கிராஞ்சிக் குன்றின்மேல் 1957ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் திறக்கப்பெற்ற போர் நினைவகம் நிற்கிறது. உடல் கிடைக்காமற் போன 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் வெட்டப்பட்டுள்ளன. பேரரசின் சீருடையில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் அங்கே பெயரோடு இருக்கின்றனர். அதே நகரின் கடற்கரைத் திடலில் இந்திய தேசிய ராணுவத்தார்க்கு நேதாஜி 1945 ஜூலை 8ஆம் நாள் ஒரு நினைவுச் சின்னத்துக்குக் கால்கோள் செய்தார். அது எழுந்து நின்ற காலம் சில வாரங்களே. செப்டம்பரில் மீண்டுவந்த பிரிட்டிஷ் படை வெடிவைத்து அதனைத் தகர்த்தது. ஐம்பதாண்டு கழித்து, 1995இல், அவ்விடத்தில் ஒரு குறிப்புக்கல் வைக்கப்பட்டது. ஒரு திறத்தார்க்குக் குன்றும் சுவரும் பெயர்ப்பட்டியலும். மறு திறத்தார்க்கு, இங்கே ஒன்று இருந்தது என்று சொல்லும் ஒரு கல்!

இவ்வேற்றுமையை நம் இலக்கியம் ஒப்புமா? ஒப்பாது என்பதே என் துணிபு. புறப்பொருள் வெண்பாமாலையைப் புரட்டிப் பாருங்கள். ஆநிரை கவர்பவனுக்கு வெட்சிப்பூ, மீட்பவனுக்குக் கரந்தைப்பூ. படையெடுத்துச் செல்பவனுக்கு வஞ்சி; எதிரூன்றிக் காப்பவனுக்குக் காஞ்சி. அரணை முற்றுவோனுக்கு உழிஞை. அரணைக் காப்போனுக்கு நொச்சி. பொருகளத்திலோ இருபடையும் சூடுவது தும்பை ஒன்றே. வென்றவனுக்கு வாகை தனியே உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆனால் வாகை சூடியவன் தோற்றவனுடைய பூவைப் பறித்து மிதிக்கலாம் என்னும் துறை நம் இலக்கணத்தில் எங்குமில்லை.

இது ஏட்டில் மட்டும் நின்ற நெறியன்று. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களைப் படித்தோர் அறிவர்: ஆநிரையை மீட்கப் போய் வீழ்ந்தவனுக்கும் கல் உண்டு, கவரப் போய் வீழ்ந்தவனுக்கும் கல் உண்டு. அவன் யார், எவருடைய ஆள், எந்தச் சண்டையில் பட்டான் என்பதைக் கல் சொல்கிறது, அவ்வளவே. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் ஒருவனும் பொருது இருவரும் ஒரே களத்தில் வீழ்ந்தபோது, கழாத்தலையாரும் பரணரும் இருவருக்குமாகவே இரங்கிப் பாடினர். உறையூரில் நலங்கிள்ளி நெடுங்கிள்ளியை முற்றியபோது கோவூர்கிழார் இருவர் நடுவே நின்றார். இருவர் கண்ணியும் ஆத்தியே என்பதைச் சுட்டி, எவர் தோற்பினும் தோற்பது ஒரு குடியே என்று இடித்துரைத்தார். உறவினர் போருக்கு இதனினும் தெளிந்த தீர்ப்பு வேறு யாது?

இங்கே ஒரு தடை எழும். “நேர்மைக்குப் போராடியவனையும் அதற்கு மாறாக நின்றவனையும் ஒரே தட்டில் வைப்பதா? அப்படியாயின் நீதி என்பது என்னாவது?” என்று கேட்பர். தக்க கேள்வியே. நான் விரும்புவது தீர்ப்பை ஒழிப்பதன்று. தீர்ப்பையும் நினைவையும் வேறுபிரித்தறிவது. கொள்கையை ஆராய நூல் உண்டு, மேடை உண்டு, பத்திரிகை உண்டு. கல்லின் கடமை இறந்தவன் பெயரையும் அவன் நின்ற பக்கத்தையும் மறையாது கூறுவது. இந்திய தேசிய ராணுவத்தைப் போற்றும்போது, அது எவரோடு கைகோத்து நின்றது என்பதையும் கூறத்தான் வேண்டும். அதே ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டத்து மக்கள் ஓட்டிச் செல்லப்பட்டுப் பல்லாயிரவராக மாண்டனர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனியே கல் உண்டு. அதே பாதையில் மடிந்த நம் தொழிலாளிக்கு அவ்வாறு தன் பெயர் பொறித்த கல் கிடைக்கவில்லை. துவக்கு ஏந்தியவனை இரு பக்கத்திலும் நினைத்து, மண்வெட்டி ஏந்தியவனை மறந்தால் அதுவும் நடுவுநிலையன்று.

அண்மைக் காலத்து இலங்கையை நோக்குங்கள். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின், தமிழ்ப் போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. கோப்பாயில் அவ்வாறு அழித்த நிலத்தின்மேலேயே படைமுகாம் எழுப்பினர். கிளிநொச்சியில் வெற்றிச் சின்னம் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டு, மாணவரும் மக்களும் கொதித்தெழுந்த பின்னரே மீளக் கட்டப்பட்டது. மகனைப் புதைத்த இடத்தில் ஒரு தாய் அழக்கூடாது என்பது எந்த அரசுக்கும் பெருமையன்று. இதனை நாம் கண்டிக்கிறோம், கண்டிப்பது முறையே. ஆனால் அத்துயிலும் இல்லங்களிலும் புலிகளின் பகையால் மாண்ட பிற தமிழ் இயக்கத்து இளைஞர்க்கு இடமிருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவதுதான் நேர்மை.

நம் வீட்டையும் சற்று நோக்குவோம். நாம் இருக்கும் இக்கெடாவே பழைய கடாரம் என்பர் ஆராய்ச்சியாளர். 1025இல் இராசேந்திரன் கப்பற்படை விடுத்து அதனை வென்று, கடாரங்கொண்டான் எனப் பெயர் பெற்றதைக் கூட்டங்களிற் கேட்டுக் கைதட்டுகிறோம். சிறைப்பட்ட கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பெயரைச் சோழன் மெய்க்கீர்த்தியே கூறுகிறது, நாம் கூறுகிறோமா? அவ்வாறே, நேதாஜியின் படையிற் சேர்ந்தவனைத் தியாகி என்று போற்றும் நம் நாக்கு, ஆசூனில் மாண்ட சிப்பாயை வெள்ளையனின் கூலி என்று எளிதிற் சொல்லிவிடுகிறது. அவனும் வறுமையால் பட்டாளம் புகுந்த ஓர் உழவன் மகனே. வறுமையால் கப்பலேறி இங்கே வந்த நம் பாட்டனுக்கும் அவனுக்கும் பெரியதோர் வேற்றுமை இல்லை. வெள்ளையர் சிங்கப்பூர்க் கடற்கரையில் வெடிவைத்துச் செய்ததை நாம் ஒரு சொல்லால் செய்கிறோம்.

ஆகவே ஜித்ராவில் இப்போரின் பேரால் எழும் கல் எதுவாயினும் அது இவற்றைக் கூற வேண்டும்: 1941 டிசம்பரில் இம்மண்ணில் இன்ன பட்டாளத்தார் நின்று மாண்டனர், அவர்களுடன் நின்றோர் சிலர் பின்னர் வேறொரு கொடியைத் தாங்கி, நாட்டின் விடுதலைக்கென மாண்டனர், அதே ஆண்டுகளில் தோட்டத்து மக்கள் எந்தக் கொடியும் தாங்காமல் சயாமில் மாண்டனர். மூன்று பகுதியும் ஒரே அளவான எழுத்தில், தமிழிலும் மலாயிலும் பஞ்சாபியிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் வேண்டும். நடுகல்லைத் தெய்வமாக்கி எண்ணெய் பூசிப் பூசி, அதன் எழுத்தையே மறைத்த கூட்டம் நாம். இனி நாட்டும் கல்லுக்குக் கற்பூரம் வேண்டா, படிப்பவர் வேண்டும். கல் வரும்வரையிலும் வாளா இருத்தலும் ஆகாது. சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டன், ஜான்சி ராணிப் படையில் இருந்த பாட்டி ஆகியோரின் பெயர்கள் இன்னும் சில குடும்பங்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை நம் மன்றங்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் வீடுவீடாகச் சென்று கேட்டு எழுதி வைக்கட்டும். பெயர் தெரியாதவனுக்குக் கல் நாட்டினும், அக்கல்லில் பொறிக்க ஒன்றும் இராது.