காற்று பொதுச் சொத்து, கடைசி ஓவர்?

2024 ஜூன் 29, ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். டி-20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். முதல் பந்தை மில்லர் தூக்கி அடிக்க, சூர்யகுமார் யாதவ் எல்லைக் கோட்டருகே பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு வெளியே போய், திரும்பி வந்து மறுபடி பிடித்தாரே, நினைவிருக்கிறதா? அந்தக் காட்சியை நாடே பார்த்தது. எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் பார்க்கவில்லை. அவருடைய மொபைலில் பந்து பாதி வானத்தில் நின்றுபோய், ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுச் சத்தம் கேட்டுப் படியேறி வந்தார். "என்ன சார் ஆச்சு? இன்னிக்கு டேட்டா தீந்து போச்சு."

"மொபைல்ல ஃப்ரீன்னு சொன்னாங்களே, பெரியவரே?"

"மேட்ச்சு ஃப்ரீதான் சார். நெட்டு ஃப்ரீ இல்லையே!"

ஜெயித்த செய்தியைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். இறங்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல கேபிள் இருக்கு. தூர்தர்ஷன் ஸ்போர்ட்ஸ் சேனலும் வருது. ஆனா மேட்ச் நடக்கிறப்ப அதுல வேற ஏதோ ஓடுதாமே. முன்னல்லாம் காட்டினாங்களே, ஏன் நிறுத்திட்டாங்க?"

நிறுத்தவில்லை. தூர்தர்ஷன் அன்றும் காட்டியது. அவர் வீட்டுக்குத்தான் வரவில்லை. ஏன் என்பது கொஞ்சம் பழைய கதை.

1993 நவம்பரில் ஹீரோ கோப்பை. நடத்தியது வங்காள கிரிக்கெட் சங்கம். ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றார்கள். தூர்தர்ஷனுக்குக் கோபம். அதற்கு முன்னால் மேட்ச்சைக் காட்டுவதே நாங்கள் செய்யும் உபகாரம் என்கிற தோரணையில் இருந்த நிறுவனம் அது. 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தைக் காட்டி, சிக்னல் அனுப்பும் உரிமை சர்க்காருக்கு மட்டும்தான் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்கத்தாவில் அரையிறுதியின் கடைசி ஓவரை சச்சின் போட்டு ஜெயித்துக் கொடுத்தது இந்த அமளிக்கு நடுவில்தான்.

1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வானலைகள் பொதுச் சொத்து; சர்க்காருக்கும் ஏகபோகம் இல்லை, தனியாருக்கும் இல்லை. அருமையான தீர்ப்பு. ஆனால் நடந்தது என்ன? சர்க்கார் கையிலிருந்து நழுவிய ஏகபோகம், அதிக விலை கேட்டவர் மடியில் போய் விழுந்தது. நடுவில் 'பொது' என்று ஒருவர் இருந்தாரே, அவர் காம்பவுண்டுக்கு வெளியே நின்றார்.

2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது, மேட்ச்சை தூர்தர்ஷனுக்கும் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2007 ஆரம்பத்தில் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்தபோது மறுபடி கோர்ட், மறுபடி தகராறு. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் சிக்னலை, விளம்பரம் இல்லாமல் பிரசார் பாரதிக்குக் கொடுக்க வேண்டும். தூர்தர்ஷன் விளம்பரம் சேர்த்துக் காட்டலாம். வரும்படியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் உரிமை வைத்திருப்பவருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. நியாயமான ஏற்பாடுதான்.

வில்லங்கம் மூன்றாவது பிரிவில் இருந்தது. தூர்தர்ஷன் அந்த சிக்னலைத் தன் 'தரைவழி' ஒளிபரப்பிலும், தன் டி.டி.எச். சேவையிலும் காட்டலாம் என்று எழுதியிருந்தார்கள். கேபிள் என்ற வார்த்தை இல்லை. ஆனால், தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர்கள் கட்டாயம் தர வேண்டும் என்று வேறொரு சட்டம் சொல்கிறது. அந்த வழியாகப் பல வருஷம் கேபிள் வீடுகளிலும் மேட்ச் வந்தது. காசு கொடுத்து உரிமை வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். சட்டத்தில் இல்லாததை நீதிபதி எப்படி எழுதுவார்?

குறை நாடாளுமன்றத்தில். தரைவழி ஒளிபரப்பு என்றால் மொட்டைமாடியில் மீன்முள் மாதிரி ஆன்டெனா கட்டி, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கத்தினோமே, அதுதான். அந்தப் பழைய டிரான்ஸ்மிட்டர்களை, எல்லைப்புறம் போன்ற இடங்களில் சிலவற்றைத் தவிர, 2022-க்குள் பிரசார் பாரதியே மூடிவிட்டது. ஆக, சட்டம் காட்டிய இரண்டு வாசலில் ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. பாக்கி ஒன்று, டி.டி. ஃப்ரீ டிஷ். வட மாநிலங்களில் வீட்டுக்கு வீடு தெரியும் தட்டு. நம் ஊரில் அதைத் தேட வேண்டும். இங்கே கேபிள்தான் ராஜா. மாதச் சந்தா கட்டுகிறவனுக்கு தூர்தர்ஷனில் மேட்ச் கிடையாது; ஒருமுறை தட்டு வாங்கி வைத்தவனுக்கு உண்டு. பொதுச் சொத்தைப் பங்கிடும் லட்சணம் இது.

கிரிக்கெட் போர்டுக்குக் காசு வேண்டாமா? வேண்டும். 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். உரிமை 48,390 கோடிக்குப் போனது. போகட்டும். அதை ஓசியில் காட்டு என்று நான் கேட்கவில்லை. இந்தியா என்று சட்டையில் எழுதிக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தை மட்டும் கேட்கிறேன்.

பணம் மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். உள்நாட்டு டெஸ்ட்களை இலவச ஒளிபரப்புக்கான பாதுகாப்புப் பட்டியலிலிருந்து 1998-ல் எடுத்தார்கள். 2005 ஆஷஸ்தான் கடைசி. மறு வருஷம் முதல் கட்டணச் சேனல். போர்டு கொழுத்தது. ஆனால், பள்ளிப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் வீரர்களின் முகமே மறந்துவிட்டது என்று அங்கேயே புலம்பினார்கள். 2019-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு இங்கிலாந்து வந்தபோது, உரிமை வைத்திருந்த கட்டணச் சேனலே ஒரு நாள் கதவைத் திறந்து இலவசச் சேனலுக்கும் கொடுத்தது. தனியாருக்கே அன்று தோன்றியது, நம் சட்டத்துக்குத் தோன்றவில்லை.

மொபைலில் இலவசம் என்பதெல்லாம் உரிமை இல்லை, சலுகை. கடைக்காரர் இன்று தருவார், கூட்டம் சேர்ந்ததும் நாளை நிறுத்துவார். உரிமை வேண்டுமென்றால் மூன்றாவது பிரிவில் 'கேபிள் உட்பட' என்று இரண்டு வார்த்தை சேர்க்க வேண்டும். அதனால் குறையும் வருமானத்துக்கு ஈடாக, விளம்பரப் பங்கை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கட்டும். கணக்கு உட்கார்ந்து பேசினால் தீரும்.

மறுநாள் காலை இதையெல்லாம் வாட்ச்மேனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப சட்டம் வருது, சிக்னல்தான் வரலைங்கிறீங்க."