'கவர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் சொற்பிறப்பு ஆராய்ச்சி நெறியும்

மூடுதல், போர்த்துதல், மறைத்தல் என்னும் பொருள்களில் ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள சொல் 'கவர்' என்பது. அஞ்சலுறை, நூலட்டை, பொருளிடும் பை ஆகியவற்றைக் குறிக்கத் தமிழர் பேச்சிலும் இச்சொல் இன்று வழங்குகின்றது. தமிழில் 'கவி' என்னும் வினையும் மூடுதற்பொருள் உடையது. குடையைக் குறிக்கும் 'கவிகை' என்னும் பெயர் அதனடியாகப் பிறந்தது. ஒலியும் பொருளும் இங்ஙனம் ஒத்திருத்தலின், ஆங்கிலக் 'கவர்' தமிழ்க் 'கவி'யினின்று தோன்றியதே எனக் கூறுவாரும் உளர். இக்கூற்று எத்துணை வலியுடையது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஒரு சொல்லை அயன்மொழிச் சொல்லொடு ஒப்பிடுமுன், அதன் பழைய வடிவம் யாது என அறிதல் முதற்கடன். 'கவர்' ஆங்கிலத்தின் தொல்பழஞ்சொல் அன்று. கி.பி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி வாயிலாகப் புகுந்த சொற்களுள் அஃது ஒன்று. அதற்குமுன் மூடுதற்பொருளில் வழங்கிய பழைய ஆங்கிலச் சொற்களுள் ஒன்று, இன்று 'தாட்ச்' எனத் திரிந்து கூரை வேய்தலை மட்டுமே குறிக்கின்றது.

'கவர்' என்பதன் பழைய பிரெஞ்சு வடிவம் 'கோவ்ரிர்'. அதற்கு மூலமான இலத்தீன் வடிவம் 'கோஒபெரீரே'. இலத்தீனில் இருந்த பகரம் பிரெஞ்சில் வகரமாகத் திரிந்தது. இத்திரிபு இச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. வெள்ளாட்டைக் குறிக்கும் இலத்தீன் 'காப்ரா' பிரெஞ்சில் 'ஷேவ்ர்' என ஆயினமை காண்க. இத்தாலிய மொழியிலோ 'கோப்ரீரே' எனப் பகரம் இன்றும் நிலைத்துளது.

இனி, இலத்தீன் சொல்லின் உறுப்புக்களைப் பிரித்துக் காண்பாம். முதற்கண் உள்ள 'கோ' என்பது முழுமைப்பொருள் தரும் முன்னொட்டு. அடுத்து நிற்கும் 'ஒப்' என்பதும் முன்னொட்டே. மேல், எதிர் என்னும் பொருளது. எஞ்சியதே வேர், அது 'வெர்' என இருந்து, பகரத்தையடுத்த வகரம் கெட்டு 'எர்' என நின்றது. முன்னொட்டு மட்டும் வேறுபட்ட 'அபெரீரே' என்னும் இலத்தீன் சொல் திறத்தலைக் குறிக்கும். வடமொழியில் மூடுதலை உணர்த்தும் 'அபிவ்ருணோதி', திறத்தலை உணர்த்தும் 'அபவ்ருணோதி' என்னும் இணையும் இவ்வமைப்பினதே. ஒரே வேர் முன்னொட்டு வேற்றுமையால் இருவேறு பொருள் தருதலை இரு மொழியினும் ஒருங்கே காண்கின்றோம்.

இவற்றால் பெறப்படுவது யாது? 'கவி'யொடு ஒப்பிடற்கு ஏதுவாகிய ககரமும் வகரமும் 'கவர்' என்பதன் வேரைச் சார்ந்தன அல்ல. ககரம் ஒரு முன்னொட்டின் எச்சம். வகரம் மற்றொரு முன்னொட்டின் பகரத் திரிபு. வேரின் எச்சமாக நிற்பது இறுதி ரகரம் ஒன்றே. அதுவோ 'கவி'யில் இல்லை. தமிழ்க் 'கவி'யோ, கன்னடக் 'கவி', மலையாளக் 'கவியுக' முதலியவற்றொடு ஓரினமாய்த் திராவிட மொழிகளுள் வேரூன்றி நிற்பது. எனவே இவ்விரு சொற்களின் ஒப்புமை தற்செயலானது என்பது தேற்றம்.

மெய்யான உறவு வேறிடத்தில் உளது. மறைப்பு என்னும் பொருளில் தமிழில் வழங்கும் வடசொல் 'ஆவரணம்' என்பது 'வ்ரு' என்னும் வேரினின்று பிறந்தது. ஒலியால் சிறிதும் ஒவ்வாத 'ஆவரணம்' 'கவர்' என்பதற்கு உறவாக, ஒலியால் ஒத்த 'கவி' உறவன்றாயிற்று. ஆங்கிலத்துள்ளேயே இதற்குச் சான்றுண்டு. மீட்டலைக் குறிக்கும் 'ரிக்கவர்' என்பது 'கவர்' என்பதொடு முன்னொட்டுச் சேர்ந்தது போலத் தோன்றினும், 'ரெகுபெராரே' என்னும் வேறோர் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் பேச்சில் 'கர்ச்சீப்' எனக் குறுகிய கைக்குட்டைப் பெயரோ, தலைமூடி எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரினின்று பிறந்து, 'கவர்' என்பதன் உறவைத் தன்னுள் மறைத்து நிற்கின்றது. நெருப்பை மூடுக என்னும் பிரெஞ்சுத் தொடரினின்று வந்த 'கர்ஃப்யூ' என்பதும் அன்னதே.

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏறியதில்லை என்பது நம் கருத்தன்று. 'கட்டுமரம்', 'சுருட்டு' என்பன ஆங்கிலத்தில் புகுந்தமை ஐயத்திற்கு இடமற்றது. அங்கே பொருள் உண்டு. அதனைக் கண்டு பெயரொடு கொண்ட மக்கள் உண்டு. கொண்ட காலமும் வழியும் உண்டு. 'கவர்' என்பதற்கோ இவற்றுள் ஒன்றும் காட்டுதல் இயலாது.

1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்திற்குப் பின் திராவிட மொழிநூல் நெடுந்தொலைவு வளர்ந்துளது. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு நாட்டப் புகின், உண்மையான சான்றுகளும் அயலார் நோக்கில் மதிப்பிழக்கும். தமிழின் தொன்மைக்குச் சங்க நூல்களும் கல்வெட்டுக்களும் போதிய கரியாவன. அதற்குக் 'கவர்' போன்ற ஊன்றுகோல் வேண்டுவதில்லை. சொல்லின் வரலாற்றைப் படிப்படியாகப் பின்சென்று கண்ட பின்னரே ஒப்பிடுக என்பதே ஆராய்ச்சி மாணவர் கைக்கொள்ளத்தக்க நெறியாம்.