ஊதா மையின் வக்கீல்களுக்கு

கைச்செதுக்கு ரப்பர் முத்திரையில் நாட்டம் உள்ளவர்களிடையே ஒரு வாதம் செல்வாக்குப் பெற்று வருகிறது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஊதா ஸ்டாம்ப் பேடே போதும், மையைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம், மங்கினால் மங்கட்டும், மங்குவதும் பயணத்தில் சேர்ந்ததுதான் என்கிறார்கள். கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக ஆனைகட்டிக்குப் போய்வரும் நண்பர்கள் சிலர், இங்கிலாந்தின் டார்ட்மூர் பாணியில் அந்தப் பக்கம் முத்திரையும் நோட்டும் உள்ள ஒரு பெட்டியை, தேடி வருகிறவர்களுக்காக வைக்கலாம் என்று பேச்செடுத்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்டி தேடும் விளையாட்டின் அடிப்படையையே இது மறந்துவிடுகிறது என்பது என் நெடுநாள் கருத்து.

1854ல் சாக்ஃபோர்டைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், டார்ட்மூரின் கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கிருந்து வளர்ந்த விளையாட்டு, 1998ல் ஸ்மித்சோனியன் இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. இன்று அதில் இரண்டு பதிவுகள் நடக்கின்றன. பெட்டியிலுள்ள முத்திரையை நம் நோட்டில் பதித்துக்கொள்கிறோம். நம் முத்திரையைப் பெட்டியிலுள்ள நோட்டில் பதித்துவிட்டு வருகிறோம். முதல் பதிவு நம்மோடு வீட்டுக்கு வருகிறது. இரண்டாவது பதிவு அங்கேயே தங்கி, நாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஆட்களுக்காகக் காத்திருக்கிறது. ஊதா மைக்காக வாதாடுகிறவர்கள் பேசுவதெல்லாம் முதல் பதிவைப் பற்றித்தான்.

ஊதா பேடில் இருப்பது சாய மை. அதன் நற்குணங்களை நான் மறுக்கவில்லை. விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், தாளில் பட்டதும் காய்ந்துவிடும். மெல்லியது என்பதால் செதுக்கலின் மயிரிழைக் கோடுகளில் அடைத்துக்கொள்வதில்லை. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் ரப்பர் அடுத்த பதிவுக்குத் தயார். நீரில் கரையும் மையுள்ள பிரஷ் பேனாக்களால் ரப்பரின் மேலேயே பல நிறம் தீட்டி, வாயால் ஊதி ஈரப்படுத்திப் பதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மயில் கழுத்தின் நீலமும் பச்சையும் ஒரே அழுத்தலில் தாளில் இறங்குவது உண்மையிலேயே அழகு. அதற்குப் பதிலாக நான் சொல்லும் நிறமி மைக்கும் குறைகள் உண்டு: ஈரக்காற்றில் காய நேரமாகும், பளபளப்புத் தாளில் காயவே காயாது, நுண்கோடுகளை அடைத்துவிடும்.

இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும் தண்ணீரைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. சாய மை என்பது நீரில் கரைந்த நிறம். தாளின் நார்களுக்குள் ஊறி நிற்கும். மறுபடி நீர் பட்டால் மறுபடி கரைந்து கிளம்பும். நிறமி மையில் இருப்பது கரையாத துகள். அதைத் தாளோடு பிடித்து வைக்க எண்ணெயோ பிசினோ சேர்க்கிறார்கள். அது காய்ந்தபின் தண்ணீருக்கு அங்கே வேலை இல்லை. அலுவலக ஊதாவுக்குக் காலங்காலமாக நிறம் கொடுத்துவந்தது மெத்தில் வயலெட் குடும்பத்துச் சாயம். வாய்ப்புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் தடவிவிடும் ஜென்ஷன் வயலெட்டும் அதே குடும்பம்தான்.

பெட்டிக்குள் வெயில் ஏது, மழை ஏது, இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாதானே என்று கேட்பார்கள். ஆனைகட்டி, தமிழ்நாடும் கேரளத்தின் அட்டப்பாடியும் தொட்டுக்கொள்ளும் இடம். ஆனியிலும் ஆடியிலும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கத்து மழை. ஒருவர் டப்பாவைத் திறக்கிறார், தூறலில் நின்று முத்திரை பதிக்கிறார், மூடுகிறார். உள்ளே போன ஈரக்காற்று இரவுக் குளிரில் நீர்த்துளியாகி நோட்டின் மேல் இறங்குகிறது. மூடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு அந்த ஈரம் வெளியேறாது.

நனைந்த நோட்டில் என்ன நடக்கிறது? ஊதா முத்திரை தன் இடத்திலேயே மங்கி முடிந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அது ஊர்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒட்டுகிறது, தாளைத் துளைத்துப் பின்பக்கத்தில் கறையாகிறது, பக்கத்தில் வேறொருவர் பதித்த யானையின் மேலோ இருவாச்சியின் மேலோ படர்கிறது. என் முத்திரை அழிந்தால் அழியட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. முன்னே பின்னே தெரியாத ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து செதுக்கிய முத்திரையை என் மை தின்னலாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நிலையாமை பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொன்னதில்லை. தன் பொருளை விட்டுக்கொடுப்பதற்குப் பேர் துறவு. பிறர் பொருளைக் கெடுத்துவிட்டு அதையே தத்துவமாகப் பேசுவதை நான் துறவென்று ஏற்கமாட்டேன்.

மையில் சறுக்கியவர்கள் நாம் மட்டுமல்ல. உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் 1840 மே மாதம் பிரிட்டனில் வெளிவந்தது. கறுப்புத் தலையின் மேல் சிவப்பு மையால் மால்டாச் சிலுவை முத்திரையைக் குத்தினார்கள். அந்தச் சிவப்பு கறுப்பில் எடுபடவில்லை. போதாததற்கு, அதை அழித்துவிட்டுத் தலையை மறுபடி ஒட்ட வழியிருந்தது. அடுத்த ஆண்டே தலையைச் சிவப்பாக்கி, முத்திரை மையைக் கறுப்பாக்கினார்கள். ஒரு பேரரசின் அஞ்சல்துறை மைக்காகத் தன் தபால்தலையின் நிறத்தையே மாற்றியது. நம் நாட்டில் பொதுத்தேர்தலுக்கு ஓட்டு மை செய்தபோதும் சாதாரணச் சாயத்தை நம்பவில்லை. தோலோடு வினைபுரிந்து கறுக்கும் வெள்ளி நைட்ரேட்டைத்தான் சேர்த்தார்கள். நிற்கவேண்டிய அடையாளத்துக்கு நிற்கிற மை வேண்டும் என்பது முத்திரை குத்தியே பிழைக்கிறவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

ஊதாதான் நம் மரபு, தாலுகா ஆபீஸ் முதல் ரேஷன் கடை வரை அதுதானே என்பது வாதத்தின் இன்னொரு கிளை. இதைக் கேட்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. லண்டனில் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856ல்; மெத்தில் வயலெட் அதற்கும் பிந்தியது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக இந்த மண்ணில் எழுத்து நின்றது எதனால்? எழுத்தாணியால் ஓலையைக் கீறி, கீறலில் விளக்குக் கரியை எண்ணெயோடும் பச்சிலைச் சாற்றோடும் தேய்த்தார்கள். கரி என்பது நிறமி. வெயிலும் தண்ணீரும் கரியின் நிறத்தை மாற்றுவதில்லை. ஓலையைச் செல் அரிக்கும், விளிம்பு உடையும்; மிஞ்சிய துண்டில் எழுத்து கறுப்பாகவே இருக்கும். அந்தக் கீறலும் நம் ரப்பர் செதுக்கலும் ஒரே கைவேலையின் இரண்டு முகங்கள். மரபு வேண்டுமென்றால் கரியிடம்தான் போகவேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய நிலப்பத்திரம் இருக்கிறது. ஓட்டுக்கூரை ஒழுகி ஒரு மூலை நனைந்தது. அந்த மூலையில் இருந்த வட்ட முத்திரை இன்று ரோஜாநிறத் திட்டு. எந்த ஊர் முத்திரை என்று வாசிக்க வழியில்லை. பக்கத்திலேயே, அதே ஈரத்தில் கிடந்த கறுப்புக் கட்டைவிரல் ரேகையை இன்றும் கோடு கோடாக எண்ணலாம். ஒரே தாள், ஒரே தண்ணீர், மை மட்டும் வேறு.

நுண்கோடு போய்விடுமே என்ற ஒரு கவலைதான் மதிக்கத்தக்கது. வெர்சாஃபைன் போன்ற எண்ணெய் கலந்த நிறமி மைகள் வந்தபிறகு அதிலும் பாதி தீர்ந்துவிட்டது, விலைதான் உறுத்தும். மீதிப் பாதி செதுக்குகிறவர் கையில் இருக்கிறது. மயிரிழைக் கோடுகளின் மேல் இப்போது ஒரு மோகம் இருக்கிறது. பேனாவால் வரைந்ததுபோல் இருக்கிறது என்ற பாராட்டுக்காகச் செதுக்குகிறார்கள், பிறகு அந்தக் கோடு தெரியவேண்டுமென்று ஓடுகிற மையைத் தேடுகிறார்கள். பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினால் நிறமி மை அதில் அடைக்காது. மேட்டுக் கோடு சற்றே தடித்து நின்று கறுப்பை முழுதாக ஏந்தும். பேனாவால் முடியாததைக் கத்தி செய்வது அப்படிப்பட்ட கோட்டில்தான்.

நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பெட்டியைக் காப்புக்காட்டுக்குள்ளோ யானை வழித்தடத்திலோ வைக்காதீர்கள். ஊருக்குள், இடத்துக்காரரின் சம்மதத்தோடு வையுங்கள். உள்ளே தடித்த, பளபளப்பில்லாத தாளில் தைத்த நோட்டும், கறுப்பு நிறமி மைப் பேடு ஒன்றும், பதித்த பக்கத்தின் மேல் வைக்கச் சில துண்டு உறிஞ்சுதாளும் இருக்கட்டும். வண்ணம் தீட்ட ஆசைப்படுகிறவர்கள் தங்கள் சொந்த நோட்டில் மயிலையும் மழையையும் எந்த நிறத்திலும் பதித்துக்கொள்ளட்டும். பெட்டியின் நோட்டில் மட்டும் கறுப்பு.