மிதிவண்டி எந்த ஆண்டில் வந்தது?

குன்றாண்டார்கோவிலுக்கு நீங்கள் சென்றிருக்கிறீர்களா? புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர் வழியாகச் செல்ல வேண்டிய ஊர். ஒன்றியத் தலைமையிடம் என்ற பெயர் உண்டே தவிர சிற்றூர்தான். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து ஆக்கிய சிவன் கோயிலும், அதன் முன்னே பிற்காலத்தில் எழுந்த நூற்றுக்கால் மண்டபமும் அங்கே இருக்கின்றன. மண்டபம் முழுவதையும் ஒரு தேராகவே அமைத்துவிட்டார்கள். கல்குதிரைகள் இழுக்க, கல்சக்கரங்கள் தாங்க, அந்தத் தேர் நின்ற இடத்திலேயே பல நூற்றாண்டுகளாக நிற்கிறது.

சக்கரம் எப்போது தோன்றியது என்று வகுப்பில் கேட்டால், 5000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று மாணவர்கள் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். சரியான விடைதான். ஆனால் அந்தக் கல்தேரைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்கள் தம் கையால் திருப்பி, தம் காலால் உருட்டிச் செல்லும் சக்கரம் அவர்களுக்கு எப்போது வாய்த்தது என்று கேட்டுப் பாருங்கள். அவர்களில் மிகப் பலருக்கு விடை 1991 அல்லது 1992. வண்டியில் ஏறி உட்கார்ந்து போனவர்கள் முன்பும் உண்டு, ஓட்டியவர்கள் அரிது.

இந்த இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி எண்ண வைத்த ஒரு நூலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். டேவிட் எட்ஜெர்டன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் எழுதி 2006-இல் லண்டனில் வெளிவந்த 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' என்ற நூல் அது. பழையது தரும் அதிர்ச்சி என்று பொருள் கொள்ளலாம். 1900-க்குப் பின் உலகத்தில் தொழில்நுட்பத்தின் கதை என்ன என்பதே அதன் பொருள். நூல் புதியதன்று. ஆயினும் அது சுட்டும் குற்றத்தை நம்முடைய அறிவியல் எழுத்து இன்றும் செய்துகொண்டிருப்பதால் தாமதமாகவேனும் பேசத்தக்கது.

குற்றம் செய்தவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டு மலருக்கு மிதிவண்டியின் வரலாறு என்று ஒரு கட்டுரை எழுதினேன். 1817-இல் ஜெர்மனியின் டிரைஸ் காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியைச் செய்தார்; 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி சம அளவுச் சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட வண்டியை உருவாக்கினார்; 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். இப்படியே போகும். என் தாயார் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். எழுத்துக்கூட்டி, இரண்டு மாலைகளில் அதை முழுவதும் படித்தார். பிறகு, "ஏந் தம்பி, எல்லா வருசமும் போட்டிருக்கே, நாங்க ஓட்டுன வருசத்தைக் காணமே?" என்று கேட்டார். அது உள்ளூர்ச் செய்தி, அறிவியல் வரலாறு வேறு என்று விளக்கினேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எட்ஜெர்டனைப் படித்த பிறகுதான் நான் சொன்ன விளக்கம் எவ்வளவு தவறானது என்று விளங்கிற்று.

நூலின் அடிப்படைக் கருத்து எளியது. கண்டுபிடித்த ஆண்டுகளை வரிசையாக அடுக்கி அதைத் தொழில்நுட்ப வரலாறு என்கிறோம். ஆனால் ஒரு பொருள் பயன்படும் காலம், அது பிறந்த ஆண்டுக்குப் பல பத்தாண்டுகள் கழித்தே உச்சத்தை அடைகிறது. இரண்டாம் உலகப்போர் என்றால் நமக்கு டாங்கியும் ராக்கெட்டும் நினைவுக்கு வருகின்றன. 1941-இல் சோவியத் நாட்டின் மீது பாய்ந்த ஜெர்மன் படையோடு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் சென்றன என்பதை யார் சொல்லித்தருகிறார்கள்? மிதிவண்டியையும் எட்ஜெர்டன் கணக்கில் எடுக்கிறார். 2000-ஆம் ஆண்டையொட்டி உலகில் ஆண்டுதோறும் செய்யப்பட்ட மிதிவண்டிகள் சுமார் 10 கோடி, கார்கள் சுமார் 4 கோடி என்பது அவர் தரும் எண். கார் வந்ததும் மிதிவண்டியின் காலம் முடிந்தது என்று எழுதியவர்கள் எத்தனை பேர்!

நகரங்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது. சென்னையில் 1895-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, 1953-இல் நின்றது, 2015-இல் மெட்ரோ ரயில் வந்தது என்று படிக்கட்டுப் போல எழுதிக்கொண்டே போகிறோம். மெட்ரோத் தூணின் அடியில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். மீன்பாடி வண்டி போகும். தள்ளுவண்டியில் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியைக் காணலாம். மின்சாரம் வந்து நூறாண்டு கடந்த நகரம் அது. இவை பழமையின் எச்சங்கள் என்று ஒதுக்கலாகாது, இவையும் இன்றைய நகரத்தின் பொறிகளே என்பது எட்ஜெர்டனின் வாதம். வேறிடத்திலிருந்து வந்த பொறியை ஏழை நாட்டவர் தம் தேவைக்கு மாற்றி வேறொன்றாக்கிக்கொள்வதற்கு அவர் தனியே ஒரு பெயரும் தருகிறார். மூன்று சக்கர வண்டியில் பழைய மோட்டாரைப் பொருத்திய நம் மீன்பாடி வண்டியை அவர் பார்த்திருந்தால் ஒரு பக்கமாவது எழுதியிருப்பார்.

பராமரிப்பைப் பற்றிய அத்தியாயமே நூலின் சிறந்த பகுதி. கானா நாட்டின் வண்டிப் பட்டறைகள், உலகம் கைவிட்ட கார்களைப் பிரித்துப் பூட்டி ஓட வைப்பதை விவரிக்கிறார். பஞ்சர் கடை இல்லாத ஊரில் மிதிவண்டி ஆறு மாதம் தாங்காது; ஆனால் எந்த அறிவியல் வரலாற்றிலும் பஞ்சர் கடைக்கு இடமில்லை.

இன்னொரு நல்ல அளவுகோலையும் அவர் தருகிறார். ஒரு பொறி எவ்வளவு முக்கியமானது என்று அறிய, அது இல்லாவிட்டால் அடுத்து என்ன செய்திருப்போம் என்று ஒப்பிட வேண்டும். குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண்ணுக்கு மிதிவண்டி இல்லாவிட்டால் அடுத்த வழி நடை. தலையில் குடமோ விறகுக்கட்டோ இருக்கும்.

இதை இயற்பியலால் சற்று எடைபோடுவோம். நடக்கும்போது உடல் ஒவ்வோர் அடிக்கும் சில சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. உயர்த்தச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. தலைச்சுமையும் அதே போல உயர்ந்து தாழ்கிறது. மிதிவண்டியிலோ எடையைச் சக்கரம் தாங்கிக்கொள்கிறது. கால்கள் வெல்ல வேண்டியவை உருளும்போது எழும் உராய்வும் காற்றின் தடையும் மட்டுமே. 50 கிலோப் பெண், 20 கிலோ வண்டி, 15 கிலோ தண்ணீர் என்று கொள்வோம். மொத்த எடை ஏறத்தாழ 850 நியூட்டன். சமதளச் சாலையில் உராய்வு இதில் நூறில் ஒரு பங்கு என்றால் 8.5 நியூட்டன், ஒரு கிலோப் பொருளைத் தூக்கும் விசைகூட அன்று. மண்சாலையில் இது இரண்டு மூன்று மடங்காகும், மேட்டில் இன்னும் கூடும். அப்போதும் நடையைவிட இலாபமே. 1973-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எஸ். எஸ். வில்சன் எழுதிய கட்டுரையின்படி, ஒரே தூரத்தைக் கடக்க மிதிவண்டிக்காரர் செலவிடும் ஆற்றல் நடப்பவருடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

இந்த இயற்பியல் 1885-இலும் இதுவே, 1991-இலும் இதுவே. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்திலும் மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விடும் கடைகள் இருந்தன. பையன்கள் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். வண்டி இருந்தது, சாலை இருந்தது, பஞ்சர் கடையும் இருந்தது. ஆனால் பெண்கள் நடந்தார்கள்.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார். உள்ளூர்களுக்குச் சென்று கற்பிக்க வேண்டிய பெண் தொண்டர்கள் எவரையும் எதிர்பாராமல் போய்வர வேண்டும் என்பதே முதல் நோக்கம். அது பரவிய வேகம் பெரிது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால், மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டக் கற்றனர் என்பது அவர் கணக்கு. 70,000-க்கு மேற்பட்டவர்கள் ஊரறிய ஓட்டிக் காட்டினார்களாம். கேலிக்கும் குறைவில்லை. சிலர் பெண்களுக்கான வண்டியை விட ஆண்களுக்கான வண்டியையே விரும்பினர் என்றும் அவர் குறிக்கிறார். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா? என் தாயார் அக்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துக் குன்றாண்டார்கோவில் வரை ஓட்டிய பயணத்தில் எனக்கு நினைவிருப்பது அந்தக் கம்பியின் சூடு மட்டுமே. வாடகை வண்டி, ஒரு மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று வேகமாக மிதித்ததாகச் சொல்வார்.

இங்கேதான் எட்ஜெர்டனோடு எனக்கு வழக்கு. கண்டுபிடிப்பைப் பார்க்காதே, பயன்பாட்டைப் பார் என்கிறார். நன்று. ஆனால் பயன்பாட்டை அவர் பெரும்பாலும் எண்ணிக்கையால் அளக்கிறார்: இத்தனை கோடி வண்டி, இத்தனை லட்சம் குதிரை. 1990-இல் எங்கள் ஒன்றியத்தில் வண்டிகளை எண்ணியிருந்தால் மிதிவண்டி எப்போதோ வந்து வேரூன்றிவிட்டது என்றே எழுதியிருப்பார். ஒரு பொருள் ஊரில் இருந்துகொண்டே பாதி ஊருக்கு இல்லாமலும் இருக்கக்கூடும். அவருடைய கணக்கில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை. தையல் இயந்திரம், வீட்டுப் பொறிகள் பற்றிப் பேசும்போது பெண்களை அவர் மறக்கவில்லை, உண்மைதான். எனினும், இருக்கும் பொருளைத் தொடவிடாமல் தடுப்பது எது, அந்தத் தடை எந்த ஆண்டில், யாரால் நீங்கியது என்ற கேள்வி அவர் நூலின் மையத்துக்கு வரவில்லை. புதுக்கோட்டையில் அதை நீக்கியது புதுப் பொறியும் அன்று, விலைக்குறைவும் அன்று. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே மைதானத்தில் ஒன்றாக விழுந்து எழுந்ததால், தனியே விழும் வெட்கம் போயிற்று.

வந்த பொருள் நிலைத்ததா என்பது வேறு கேள்வி. என் தாயார் ஓட்டக் கற்றாரே தவிர அவர் பெயரில் ஒரு வண்டி ஒருநாளும் இருந்ததில்லை. வீட்டுக்கு வண்டி வாங்கியதும் அது அப்பாவின் வண்டியாயிற்று. வெள்ளிக்கிழமை சந்தைக்கு மட்டும் அம்மாவுக்கு. அரசு 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரத் தொடங்கிப் பின்னர் மற்றவர்க்கும் விரித்தபோதுதான் பெண்ணின் பெயரிலேயே வண்டி வீடு வந்தது. என் மாணவியர் பலர் அந்த வண்டியில்தான் மேல்நிலைப் பள்ளி முடித்தவர்கள். மிதிவண்டி வந்த ஆண்டு எது என்று அவர்களைக் கேட்டால் இன்னொரு விடை கிடைக்கும்.

எட்ஜெர்டனின் ஆங்கிலம் கடினமன்று. கல்லூரி முதலாண்டு மாணவர் அகராதியோடு படித்துவிடலாம். போர் பற்றிய பகுதிகளில் ஐரோப்பியப் படைகளின் விவரம் மிகுதி. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலிரண்டு அத்தியாயங்களையும் பராமரிப்பு அத்தியாயத்தையும் முதலில் படியுங்கள். படித்தபின் உங்கள் வீட்டில் மூத்த பெண் ஒருவரிடம் மின்விசிறி, தையல் இயந்திரம், கைப்பேசி இம்மூன்றும் அவர் கைக்கு எந்த ஆண்டில் வந்தன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த ஆண்டையும் பக்கத்திலேயே குறியுங்கள். என் பழைய கட்டுரையை நான் இப்படித்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். தாயாரோடு ஓட்டப் பழகியவர்களில் இதுவரை நால்வரிடம் கேட்டாயிற்று.