ஒற்றைக் கோப்பும் விடுபட்ட மாட்யூலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு டேனரிகளில் ஒவ்வொரு லாட்டுக்கும் கணக்கு உண்டு: எத்தனை தோல், எத்தனை சதுர அடி, பதனிடலில் வெட் புளூ நிலையா கிரஸ்ட் நிலையா, எந்தத் தேதியில் வந்தது. இதற்குப் பைத்தானில் சின்ன நிரல் எழுதுவது பெரிய வேலையில்லை. ஆனால் கணக்கரிடம் போய் முதலில் பைத்தானை நிறுவுங்கள் என்று சொல்ல முடியுமா? அதனால்தான் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டுகிறார்கள். பென்டிரைவில் கொடுத்தால் போதும், இணையம்கூட வேண்டாம். இந்த வசதிக்கு ஈடாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் கட்டும் விதத்தில் இருக்கிறது. பைஇன்ஸ்டாலர் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. அதிலுள்ள இம்போர்ட் வரிகளைத் தேடித்தான் மூட்டை கட்டுகிறது. அப்படி வரியாக எழுதப்படாமல், ஓடும்போது மட்டும் தேவைப்படும் மாட்யூல் விடுபட்டுப்போகும். தேதி தேர்ந்தெடுக்கும் பெட்டிக்காக டிகேகேலண்டர் நூலகத்தைச் சேர்த்தவர்கள் இதைப் பட்டு அறிந்திருப்பார்கள். நிரலாக ஓடியபோது ஒழுங்காக வந்த காலண்டர், இஎக்ஸ்இ ஆனதும் ‘பேபல்.நம்பர்ஸ் இல்லை’ என்று நின்றுவிடும். ஹிடன் இம்போர்ட் என்ற விருப்பத்தேர்வில் அந்தப் பெயரைக் கொடுத்தால் தீரும். டிகேகேலண்டரின் கையேடே அப்படித்தான் சொல்கிறது.

இந்த மருந்தையே எல்லா நோய்க்கும் கொடுப்பதுதான் தவறு. பிழை வந்தால் ஒரு பெயர், அடுத்த பிழைக்கு இன்னொரு பெயர், கடைசியில் பொறுமை போய் நூலகம் முழுவதையும் உள்ளே திணிப்பது! காரணம் வேறாகவும் இருக்கலாம்: ஒரே கணினியில் இரண்டு பைத்தான் இருந்து, நூலகம் ஒன்றிலும் பைஇன்ஸ்டாலர் மற்றொன்றிலும் இருந்தால் ஹிடன் இம்போர்ட் எத்தனை கொடுத்தும் பயனில்லை. அந்த நிரலுக்கென்று தனி வென்வ் (பைத்தான் மெய்நிகர் சூழல்) அமைத்துக் கட்டினால் இந்த வகைப் பிழை பெரும்பாலும் எழாது.

பில்டு கோப்புறையில் ஒரு எச்சரிக்கைக் கோப்பும் கிடைக்கிறது. அதைத் திறப்பவர்கள் குறைவு, திறந்தாலும் மிரண்டுபோவார்கள். விண்டோஸில் இருக்கவே முடியாத பிடபிள்யூடி, ஜிஆர்பி போன்ற மாட்யூல்களையும் காணவில்லை என்று அது பட்டியலிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, கருவி தேடிக் கிடைக்காதவை மட்டுமே அதில் இருக்கும். தேடவே தெரியாதவை இருக்காது. பேபல்.நம்பர்ஸ் போன்றவை நழுவுவது இந்த இடைவெளியில்தான். பைத்தானே இல்லாத கணினியில் ஒவ்வொரு திரையையும் திறந்து, ஒரு பில்லையாவது அச்சிட்டுப் பார்ப்பதுதான் நம்பத்தகுந்த சோதனை.

அத்தனை வசதி இருந்தும் ஒற்றைக் கோப்பு மோகத்தை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது தற்காலிகக் கோப்புறையில் தன்னைப் பிரித்துக்கொண்டு மெதுவாகத் திறக்கும். ஆன்டிவைரஸ் காரணமின்றிச் சந்தேகப்படுவதும் உண்டு. கோப்புறையாகக் கட்டினால் எந்த டிஎல்எல், எந்தத் தரவுக் கோப்பு வந்து சேரவில்லை என்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

டிஎல்எல் இல்லை என்ற செய்தி வந்தால் அந்தக் கணினியில் விண்டோஸ் 7 ஓடுகிறதா என்றும் பாருங்கள். பைத்தான் 3.9 முதல் அதில் ஓடாது, 3.8-இல்தான் கட்டித் தர வேண்டும்.